ஹீமோஃபீலியா உள்ள பையனை ஓடியாட விடலாமா?

தாராளமாக விடலாம். ஹீமோஃபீலியா ஏ என்ற வகையில் ரத்தம் உறையத் தேவையான 'எட்டாம் காரணி' என்ற புரதம் குறைவு. அதனால் ரத்தம் வேகமாகக் கொட்டாது, நிற்கத்தான் நேரமாகும். சின்னச் சிராய்ப்பை அழுத்திப் பிடித்தாலே போதும், பதற வேண்டாம்.

கவனம் மூட்டில் இருக்கட்டும். மூட்டுக்குள் ரத்தம் கசிந்தால், வீங்கும் முன்பே முழங்கால் லேசாகச் சூடாகும். 'உள்ளே குறுகுறுன்னு இருக்கு' என்பான், காலை நீட்ட மாட்டான். அப்போதே, குறைவாக உள்ள அந்தக் காரணியை ஊசியாகப் போட வேண்டும். வீங்கினால் பார்ப்போம் என்று ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட்டால் மூட்டு கெட்டுவிடும். தலையில் பலமாக அடிபட்டால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் ஊசி, உடனே மருத்துவமனை. வலிக்கு ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் கூடாது, பாரசிட்டமால் சரி. நீச்சல் நல்லது, குத்துச்சண்டை வேண்டாம்.

அப்புறம், 'உன் வழியாக வந்த நோய்தானே' என்று தாயைக் குத்திக்காட்டும் உறவினர்களிடம் சொல்லுங்கள்: இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இல்லாமலேயே இது வருகிறது.