நூற்றுக்கணக்கான பக்கமுள்ள மசோதாவை எம்.பி.க்கள் படித்துவிட்டுத்தான் ஓட்டுப் போடுகிறார்களா?

பெரும்பாலோர் படிப்பதில்லை. ஆனால் அதற்குச் சோம்பேறித்தனம் மட்டும் காரணமில்லை. மசோதா எழுதப்படும் முறை, கையில் கிடைக்கும் நேரம், எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி இடும் கொறடா உத்தரவு ஆகிய மூன்றும் சேர்ந்து, படித்தாலும் படிக்காவிட்டாலும் ஒன்றுதான் என்கிற நிலையில் எம்.பி.யைக் கொண்டுபோய் நிறுத்திவிடுகின்றன. நம் நாடாளுமன்றத்தை வைத்தே சொல்கிறேன்.

2018 நிதி மசோதாவில் வந்த ஒரு வரியைப் பாருங்கள். தமிழில் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "2016-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் 236-வது பிரிவில், '2010 செப்டம்பர் 26' என்பதற்குப் பதிலாக '1976 ஆகஸ்ட் 5' என்று வைத்துக்கொள்ள வேண்டும்."

ஒரு தேதி போய் இன்னொரு தேதி வருகிறது என்பதற்கு மேல் இதில் ஒன்றும் தெரியாது. புரிய வேண்டுமென்றால் 2016 நிதிச் சட்டத்தை எடுத்து 236-வது பிரிவைத் தேட வேண்டும். அது 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்துகிறது என்று அங்கே தெரியும். அந்தச் சட்டத்தைப் பிரித்தால், 'வெளிநாட்டு மூலம்' எது என்ற வரையறையில், வெளிநாட்டார் பங்கு அந்நிய முதலீட்டு வரம்புக்குள் இருக்கும் கம்பெனிகளுக்கு விலக்கு கொடுத்திருப்பது தெரியும். அதற்கும் பின்னால், 2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இருக்கிறது. பாஜக, காங்கிரஸ் இரண்டுமே வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை மீறின என்று அது சொன்னது. அந்த நன்கொடைகள் 2010-க்கு முந்தியவை, பழைய 1976 சட்டத்தின் கீழ் வருபவை. 2016-இல் கொடுத்த விலக்கு 2010 வரைதான் பின்னோக்கிப் போனது. 2018-இல் அதை 1976 வரை இழுத்துவிட்டார்கள். 2010-இல் பிறந்த சட்டத்துக்கு, அது பிறப்பதற்கு 34 வருடம் முன்பிருந்தே ஒரு திருத்தம்!

மூன்று சட்டமும் ஒரு தீர்ப்பும் மேஜைமேல் இல்லாமல் அந்த ஒரு வரியைப் படிக்க முடியாது. 2018 மார்ச் 14 அன்று மக்களவை நிதி மசோதாவையும் மானியக் கோரிக்கைகளையும் விவாதமே இல்லாமல், அரை மணி நேரத்துக்குள் முடித்தது. இதற்குக் 'கில்லட்டின்' என்று பெயர். குறித்த நேரம் வந்ததும் மிச்சமிருக்கும் கோரிக்கைகளை எல்லாம் ஒன்றாகக் கட்டி ஓட்டுக்கு விடுவார்கள். நிதி மசோதா பண மசோதாவாக வந்தால் மாநிலங்களவையும் அதைத் திருத்த முடியாது. 14 நாளுக்குள் பரிந்துரையோடு திருப்பி அனுப்பலாம், அவ்வளவுதான். இந்த வரியைப் பொறுத்தவரை இரண்டு பெரிய கட்சிகளுக்கும் அதை எதிர்க்க ஆசை இருந்திருக்காது என்பது என் கணிப்பு.

நம் மசோதாக்களில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கும். முழுச் சட்டமாக இல்லாமல் இன்னொரு சட்டத்துக்குப் போடும் ஒட்டுத்துணியாக வரும். 'இந்தச் சொல்லை எடு, அந்தச் சொல்லை வை' என்று மட்டும் சொல்லும்.

அடுத்தது நேரம். சபாநாயகரின் நெறிமுறைப்படி மசோதாவின் பிரதி அறிமுகத்துக்கு இரண்டு நாள் முன்பாவது உறுப்பினர் கைக்கு வர வேண்டும். அவையில் எடுத்துக்கொள்ளும்போதும் இரண்டு நாள் ஆகியிருக்கவில்லை என்றால் எந்த உறுப்பினரும் ஆட்சேபிக்கலாம் (மக்களவை விதி 74). ஆனால் சபாநாயகர் தளர்த்தலாம், தளர்த்துவதும் உண்டு. 2025 பிப்ரவரியில் வந்த வருமான வரி மசோதா 622 பக்கம். பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலே 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவும் கதைப் புத்தகம் வாசிக்கிற வேகத்தில். படித்துச் சொல்ல ஆள் வைக்கலாமே என்றால், எம்.பி.யின் அலுவலகச் செலவுப்படி மாதம் 75,000 ரூபாய். உதவியாளர் சம்பளம், காகிதம், தபால் எல்லாம் அதற்குள்தான். சட்டம் படித்த ஒருவரை டெல்லியில் முழுநேரமும் வைத்துக்கொள்ள அது போதாது.

படித்து வந்தாலும் பேச இடம் வேண்டுமே. ஒரு மசோதாவுக்கு 4 மணி நேரம் ஒதுக்கினால் அதைக் கட்சிகளின் பலத்துக்கு ஏற்றபடி பிரிப்பார்கள். 22 உறுப்பினர் உள்ள திமுகவுக்குக் கணக்குப்படி 10 நிமிடம்கூட வராது. ஒற்றை எம்.பி. கட்சிக்கு அரை நிமிடத்துக்கும் குறைவு. அவை இரக்கப்பட்டு இரண்டு மூன்று நிமிடம் கொடுக்கும். ஆகவே கட்சிக்கு ஒருவர், இருவர் படித்துப் பேசுவார்கள். மற்றவர்களுக்குத் தங்கள் நாடாளுமன்றக் கட்சித் தலைவரின் அலுவலகத்திலிருந்து ஒரு பக்கக் குறிப்பு வரும்.

எனக்கு இதில் பெரிய குறையில்லை. மீன்வளத்தில் ஊறியவர் திவால் சட்டத்தை வரி வரியாகப் படிக்க வேண்டியதில்லை, வேலையைப் பிரித்துக்கொள்வது நல்லதே. ஆனால் படித்தவர் "இது தப்பு" என்று சொன்னாலும் ஓட்டை மாற்ற முடியாது என்பதுதான் கோளாறு. 1985-இல் அரசியலமைப்பின் 52-வது திருத்தத்தின் மூலம் வந்த பத்தாவது அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடைச் சட்டம் என்பது இதுதான்), கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலோ ஓட்டுப் போடாமல் ஒதுங்கினாலோ பதவி போகலாம். முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் கட்சி 15 நாளுக்குள் மன்னித்திருக்க வேண்டும். உத்தரவுத் தாளில் அடியில் மூன்று கோடு இழுத்திருந்தால் பேச்சுக்கே இடமில்லை. முடிவு ஏற்கெனவே எழுதப்பட்ட தேர்வுக்கு யார் ராத்திரி கண்விழித்துப் படிப்பார்கள்?

அதனால்தான் அவையில் எத்தனை நிமிடம் விவாதம் நடந்தது என்பதை வைத்து மட்டும் ஒரு மசோதாவை எடைபோட வேண்டாம் என்கிறேன். உண்மையான வாசிப்பு நடக்கிற இடம் கமிட்டி. துறைசார் நிலைக்குழுக்கள் 24 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேரும் இருப்பார்கள். கேமரா கிடையாது, கொறடா உத்தரவும் அங்கே செல்லாது. அதிகாரிகளை எதிரே உட்காரவைத்துக் கூறு கூறாகக் கேட்கலாம்.

மேலே சொன்ன வருமான வரி மசோதாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அது பைஜயந்த் பாண்டா தலைமையிலான 31 பேர் கொண்ட தெரிவுக்குழுவுக்குப் போனது. ஜூலையில் 285 பரிந்துரைகளோடு அறிக்கை வந்தது. கெடு தாண்டி ரிட்டர்ன் தாக்கல் செய்தவருக்குப் பிடித்த வரி திரும்பக் கிடைக்காது என்று ஆகியிருந்த ஒரு வாசகத்தைக் குழு எடுக்கச் சொன்னது. அதுவும் அப்படியே நீங்கியது. யாரோ உட்கார்ந்து படித்ததால்தான் அது கண்ணில் பட்டது. பழைய மசோதாவைத் திரும்பப் பெற்று, ஆகஸ்ட் 11 அன்று புதிதாக அறிமுகம் செய்து, எதிர்க்கட்சிகளின் கூச்சலுக்கு நடுவே அன்றைக்கே சில நிமிடங்களில் மக்களவை நிறைவேற்றியது. வெளியிலிருந்து பார்த்தால் அவசரக்கோலம்தான். ஆனாலும், சமீப வருடங்களில் நன்றாகப் படிக்கப்பட்ட மசோதாக்களில் அது ஒன்று. 15-வது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் கமிட்டிக்குப் போயின. 17-வதில் சுமார் 16 சதவீதம். நான் கவலைப்படுவது இந்த எண்ணைப் பார்த்துத்தான்.

கமிட்டிக்குப் போனால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. மூன்று குற்றவியல் மசோதாக்கள் 2023 ஆகஸ்டில் வந்து, உள்துறை நிலைக்குழுவுக்குப் போய், டிசம்பர் 12 அன்று புது வடிவில் மறுபடி அறிமுகமாயின. 358, 531, 170 என மொத்தம் ஆயிரத்துக்கு மேற்பட்ட கூறுகள். எட்டு நாளில் மக்களவை, மறுநாள் மாநிலங்களவை. அந்தக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 எம்.பி.க்கள் இடைநீக்கம் ஆகியிருந்தார்கள். விபத்து செய்துவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடிப்போகும் ஓட்டுநருக்குப் பத்து வருடம் வரை சிறை என்ற 106(2) பிரிவுக்கு எதிராக 2024 ஜனவரி முதல் வாரத்தில் லாரிகள் நின்றன, பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. ஜூலை 1-இல் சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த ஓர் உட்பிரிவை மட்டும் நிறுத்திவைத்தார்கள்.

சின்ன மசோதாவின் கதையே வேறு. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நிறைவேறியது. 65ஏ என்று ஒரே ஒரு பிரிவைச் சேர்த்து, வேலை நேர வரம்புகளிலிருந்து விலக்கு கொடுக்க வழி செய்தது. 'பன்னிரண்டு மணி நேர வேலை' என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம் என்பதால் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள், மே 1 அன்று திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது. இதே பிரிவு 600 பக்கத்துக்குள் 412-வது கூறாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நீங்களே ஒரு மசோதாவைப் படிக்க உட்கார்ந்தால், முன்னாலிருந்து தொடங்காதீர்கள். நோக்க காரண விளக்கவுரை என்பது விளம்பரம், அதைக் கடைசியில் படித்தால் போதும். முதலில் பின்பக்கம் புரட்டுங்கள். திருத்தப்படும் சட்டத்தின் இப்போதைய பிரிவுகள் இணைப்பாக அங்கே இருக்கும். அதையும் புதிய கூறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாற்றிய பிறகு வாக்கியம் எப்படி இருக்கும் என்று முழுதாக எழுதிப் பாருங்கள். மனசுக்குள்ளேயே செய்தால் ஒரு 'அல்லது' நழுவிவிடும். அடுத்து, கடைசிக் கூறுகளையும் அட்டவணைகளையும் பாருங்கள். வேறு சட்டங்களின்மேல் கை வைப்பது அங்கேதான். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மொத்தம் 44 பிரிவு. தகவல் உரிமைச் சட்டத்தில், தனிநபர் தகவலைத் தர மறுக்க இடம் கொடுக்கும் 8(1)(ஜே) விலக்கை விரித்தது அந்த 44-வது பிரிவின் ஓர் உட்பிரிவு.

பிறகு மூன்று சொற்களைத் தேடுங்கள். 'நாட்வித்ஸ்டாண்டிங்' வந்தால், வேறு எந்தச் சட்டம் என்ன சொன்னாலும் இதுதான் செல்லும் என்று பொருள். 'டீம்டு ஆல்வேஸ்' வந்தால், முன்தேதியிட்டு எதையோ சரிக்கட்டுகிறார்கள். 'ஆஸ் மே பி பிரிஸ்கிரைப்டு' நிறைய வந்தால், சட்டத்தின் உயிர் பின்னால் வரப்போகும் விதிகளில் இருக்கிறது. மேலே சொன்ன தரவுச் சட்டத்துக்கு விதிகள் வெளியானது 2025 நவம்பரில், அதாவது இரண்டு வருடம் கழித்து. எந்தெந்த விஷயத்தை விதிகளுக்கு விட்டிருக்கிறார்கள் என்பதை 'ஒப்படைக்கப்பட்ட சட்டமியற்றல்' குறிப்பு ஓரிரு பக்கத்தில் சொல்லிவிடும். அதை யாரும் படிப்பதில்லை, நீங்கள் படியுங்கள்.

எந்தப் பிரதியைக் கையில் வைத்திருக்கிறீர்கள் என்பதையும் சரிபாருங்கள். திரும்பப் பெற்ற மசோதாவும் புது மசோதாவும் ஏறக்குறைய ஒரே பெயரில்தான் இணையத்தில் கிடக்கும். மேலே சொன்ன ஓட்டுநர் பிரிவு, 2023 ஆகஸ்ட் மசோதாவில் 104(2) ஆக இருந்தது டிசம்பர் மசோதாவில் 106(2) ஆகிவிட்டது. அரசுத் தரப்புத் திருத்தங்கள் தனிப் பட்டியலாக, சில சமயம் விவாதத்துக்கு முந்திய நாள்தான் வரும். அவை மூலப் பிரதியில் இருக்காது.

உங்கள் எம்.பி. எப்படி ஓட்டுப் போட்டார் என்று தேடினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் அது குரல் வாக்கெடுப்பு. யாராவது ஆட்சேபித்து டிவிஷன் கேட்டால்தான், மூன்றரை நிமிடம் கழித்து மறுபடி கேள்வி வைத்து, பொத்தானை அழுத்தவைத்துப் பெயர்வாரியாகப் பதிவு செய்வார்கள். அதற்குப் பதில் கமிட்டி அறிக்கையின் கடைசிப் பக்கங்களைத் திறங்கள், மாற்றுக் கருத்துக் குறிப்புகள் அங்கே இருக்கும். குற்றவியல் மசோதாக்கள் பற்றிய அறிக்கையில் காங்கிரஸின் ப. சிதம்பரமும் திமுகவின் என்.ஆர். இளங்கோவும் எழுதியவை இருக்கின்றன. யார் படித்தார்கள், எதுவரை படித்தார்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.