அண்டார்டிகாவில் பெயர் சூட்டுவது யார்?

கேள்வி: நிரந்தரக் குடிகளே இல்லாத அண்டார்டிகாவில் மலைகளுக்கும் பனியாறுகளுக்கும் பெயர் வைப்பது யார்? அவற்றை வரைபடத்தில் எப்படிக் குறித்தார்கள்?

பதில்: அதற்கென்று பொதுவான அதிகார அமைப்பு எதுவும் கிடையாது. பிரிட்டன், அமெரிக்கா, பல்கேரியா போன்ற நாடுகள் தத்தம் குழுக்களின் வழியே பெயர்களை ஏற்பதால், ஒரே இடத்துக்குப் பல பெயர்கள் அமைந்துவிடுகின்றன. தென் அமெரிக்காவை நோக்கி நீளும் தீபகற்பத்தைப் பிரிட்டன் கிரகாம் லேண்ட் என்றும் அமெரிக்கா பால்மர் தீபகற்பம் என்றும் அழைத்துவந்தன. 1964-இல்தான் அண்டார்டிகத் தீபகற்பம் என்ற பொதுப்பெயருக்கு இணங்கி, வடபகுதிக்குக் கிரகாமையும் தென்பகுதிக்குப் பால்மரையும் வைத்துக்கொண்டன. சிலியோ அதை ஓ'ஹிகின்ஸ் நிலம் என்கிறது. அர்ஜென்டினாவுக்கு அது சான் மார்ட்டின் நிலம். பெயருக்குப் பின்னால் உரிமை கோரும் ஆசை இருப்பதை மறைப்பதற்கில்லை. அண்டார்டிக ஆராய்ச்சிக்கான அறிவியல் குழு இப்பெயர்களையெல்லாம் ஒரே பட்டியலில் தொகுக்கிறதே தவிர, எது சரி என்று தீர்ப்புச் சொல்வதில்லை.

வரைபடத்தின் கதை இன்னும் சுவையானது. 1946–47-இல் அமெரிக்கக் கடற்படை, 'ஹைஜம்ப்' நடவடிக்கையின்போது விமானங்களிலிருந்து பல்லாயிரம் படங்களை எடுத்தது. ஆனால் படத்தில் தெரியும் ஒரு பாறை முகட்டின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரியாவிட்டால், அந்தப் படத்தை வரைபடத்தில் எங்கே பொருத்துவது? ஆகவே அடுத்த கோடையில் வேறொரு குழு ஹெலிகாப்டரில் சென்று, பனிக்கு மேல் தலைநீட்டிய பாறைகளில் இறங்கி, சூரியனின் உயரத்தை அளந்து அவற்றின் இருப்பிடத்தைக் கணக்கிட்டது. இன்று அந்த வேலையைச் செயற்கைக்கோள்கள் செய்கின்றன. எனினும் பனி ஓரங்கள் நகர்ந்தும் உடைந்தும் போவதால் கடற்கரைக் கோட்டை அவ்வப்போது திருத்த வேண்டியிருக்கிறது.