சொத்தையை மிச்சம் வைத்து அடைத்தால் ஃபில்லிங் நிற்குமா?

கேள்வி: கீழ்க் கடைவாய்ப் பல்லில் பல் நிறத்தில் சிமெண்ட் அடைத்தேன். ஒன்றரை வருடத்தில் மொத்தமாகக் கழன்று வந்துவிட்டது. கேட்டால், "நரம்புக்குப் பக்கத்தில் இருந்ததால் அடியில் கொஞ்சம் சொத்தையை விட்டுத்தான் அடைத்தேன்" என்கிறார் டாக்டர். சொத்தை மேல் பசை எப்படி ஒட்டும்? வேறு டாக்டரைப் பார்க்கலாமா?

பதில்: அடியில் கொஞ்சம் விட்டது தப்பே இல்லை. ஆழமான சொத்தையில் நரம்பைத் திறந்துவிடாமல் இருக்க இப்போது உலகம் முழுக்கப் பரிந்துரைக்கும் முறையே அதுதான். அவரிடம் கேட்க வேண்டியது, குழியின் ஓரத்தில் என்ன செய்தார் என்று.

காரணம் சொல்கிறேன். பல்லின் வெளி ஓடான எனாமலில் எடைக்கணக்கில் சுமார் 96 சதவீதம் தாது. அமிலத்தைத் தடவினால் மேற்பரப்பு சொரசொரப்பாகும், பசை உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். இதை அமெரிக்காவில் பூனகோர் என்ற பல் மருத்துவர் 1955-லேயே காட்டிவிட்டார். உள்ளே இருக்கும் டென்டின் அப்படி இல்லை, அதில் தாது 70 சதவீதம்தான், மீதி கொலாஜன் என்ற புரத நாரும் தண்ணீரும். அங்கே அமிலம் போட்டால், கான்கிரீட்டில் சிமெண்டை மட்டும் கரைத்துக் கம்பியை விட்டுவைத்த மாதிரி நார்கள் மட்டும் நிற்கும். அந்த இடைவெளிகளில் பசை புகுந்து இறுகினால் நாரும் பசையும் கலந்த ஒரு மெல்லிய அடுக்கு உருவாகும். ஒட்டுதலுக்கு ஆதாரமே அந்த அடுக்குதான். ஜப்பானில் நகாபயாஷி குழு அதை விவரித்தது 1982-ல். எனாமலுக்கும் டென்டினுக்கும் நடுவே இத்தனை வருட இடைவெளி இருப்பதே டென்டின் எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்று சொல்லிவிடும்.

சரி, சொத்தைக்கு வருவோம். சொத்தையான டென்டினில் இரண்டு பகுதி உண்டு. மேலே இருப்பது கிருமி நிறைந்த, கருவியால் சுரண்டினால் சேறு மாதிரி வரும் பகுதி. அதில் கம்பியே, அதாவது நாரே, துருப்பிடித்த மாதிரி அறுந்து கிடக்கிறது, பசைக்குப் பிடிமானம் கிடையாது, எடுத்தே ஆக வேண்டும். அதற்குக் கீழே தாது குறைந்து தோல் போலக் கெட்டியாக இருக்கும் பகுதியில் நார் பெரும்பாலும் முழுசாகவே இருக்கும், கிருமி குறைவு, வெளியிலிருந்து நன்றாக மூடிவிட்டால் மறுபடி தாது ஏறவும் வாய்ப்பு உண்டு. இங்கே பசை ஒட்டும், ஆனால் நல்ல டென்டினில் ஒட்டுகிற பலம் வராது. ஏனென்றால் அமிலம் வழக்கத்தைவிட ஆழமாகப் போய்விடுகிறது, பசை அவ்வளவு தூரம் போய்ச் சேர்வதில்லை. அடியில் பசை படாத நார்கள் ஈரத்தோடு நிற்கும், டென்டினிலேயே இருக்கும் நொதிகள் அவற்றை மெல்ல மெல்ல அரிக்கும். இதனால்தான் அடைத்த அன்று கல் மாதிரி இருக்கும் ஃபில்லிங் கொஞ்ச நாள் கழித்துக் கைவிடுகிறது. (நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கறுத்துப்போன பழைய சொத்தை சில சமயம் நல்ல கெட்டியாகவே இருக்கும்.)

ஆகவே கணக்கு இதுதான்: அடியில் பலம் குறைவு, பரவாயில்லை, சுற்றிலும் ஓரத்தில் சுத்தமான எனாமலும் கெட்டியான டென்டினும் இருந்தால் அந்த வளையமே ஃபில்லிங்கைத் தாங்கும், உள்ளே மிச்சமிருக்கும் கிருமிக்கும் சாப்பாடு போகாது. ஓரத்திலேயே மெத்தென்ற சொத்தையை விட்டுவிட்டால் எந்த உயர்ந்த கம்பெனி பாண்டிங் (ஒட்டும் பசை) போட்டாலும் நிற்காது.

அப்புறம், எச்சில். பாண்டிங் போடும் நேரத்தில் ஒரு துளி எச்சிலோ ஈறிலிருந்து ரத்தமோ பட்டால் எல்லாம் வீண். என் அனுபவத்தில் பசையைவிட இதுதான் அதிகம் காலை வாருகிறது, கீழ்க் கடைவாயில் சொல்லவே வேண்டாம். எச்சிலைத் தடுக்கும் ரப்பர் டேம் என்ற ஷீட்டை மாட்டினால் டாக்டருக்குக் கூடுதலாகச் சில நிமிடம் ஆகும், கேட்டு வாங்குங்கள். பாண்டிங்கைத் தடவியதும் உடனே அதை இறுக வைக்கும் நீல விளக்கைக் காட்டக் கூடாது, பல பிராண்டுகளில் சுமார் 20 விநாடி தேய்த்து, காற்றடித்து, அதிலுள்ள கரைப்பானை விரட்ட வேண்டும். அவசரப்பட்டால் பசையின் நடுவிலேயே தண்ணீர் தங்கிவிடும். தற்காலிகமாகக் கிராம்பு எண்ணெய் வாசனை வரும் மருந்து வைத்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், அது பசை இறுகுவதைக் கெடுக்கும்.

வேறு டாக்டரைத் தேடும் முன் இவரிடமே எக்ஸ்ரேயோடு உட்கார்ந்து பேசுங்கள். ஓரம் ஈறுக்குக் கீழே போய்விட்டதா என்று கேளுங்கள். அங்கே எனாமல் இருக்காது, அப்படியானால் அந்த இடத்தில் கிளாஸ் அயனோமர் என்ற வேறு வகை சிமெண்ட் வைப்பது நல்ல யோசனை. அது தாதுவோடு நேரடியாக ஒட்டும், ஈரத்தையும் ஓரளவு பொறுக்கும், ஆனால் சீக்கிரம் தேயும். பல்லின் சுவர் பாதிக்கு மேல் போயிருந்தால் இன்னொரு ஃபில்லிங்குக்குச் செலவு செய்யாமல் கேப் போடுவதே மேல். குளிர்ந்த தண்ணீர் பட்டுக் கூசி உடனே நின்றுவிட்டால் பயமில்லை. தானாக, குறிப்பாக ராத்திரியில் வலி எடுத்தால் நரம்பு கெட்டுக்கொண்டிருக்கிறது, வேர் சிகிச்சை தேவைப்படலாம். எப்படியானாலும் குழியை வாரக்கணக்கில் திறந்து போடாதீர்கள், விழுந்த துண்டைக் கடைப் பசையால் நீங்களே ஒட்டவும் வேண்டாம்.