ஜெர்மனியில் ரேடியோ: பாட்டு இருக்கட்டும், முதலில் அந்தக் கடிதம்

ஸ்டுட்கார்ட்டில் படிக்க வருவதாகவும், ஊரிலுள்ள எஃப்எம் ரேடியோவைக் கொண்டுவரலாமா, எந்த ஸ்டேஷனில் நல்ல பாட்டு வரும் என்றும் கேட்டிருக்கிறீர்கள் தம்பி. பாட்டுக்கு எஸ்டபிள்யூஆர் 3 என்ற ஸ்டேஷன் போதும். நீங்கள் கேட்காமல் விட்டது ரேடியோ கட்டணம். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நகராட்சியில் முகவரி பதிந்த சில வாரங்களில் இந்தக் கட்டணத்தை வசூலிக்கும் 'பைட்ராக்ஸ் சர்வீஸ்' அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வரும். கட்டணம் மாதம் 18.36 யூரோ, மூன்று மாதத்துக்குச் சேர்த்து 55.08. வீட்டில் ரேடியோ, டிவி எதுவுமே இல்லாவிட்டாலும் கட்டத்தான் வேண்டும். 2013 முதல் கணக்கு கருவிக்கு இல்லை, வீட்டுக்கு. "குப்பையில் போடு, ஒன்றும் செய்ய மாட்டார்கள்" என்று நம் ஆட்களே வாட்ஸப் குழுவில் சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். பதில் போடாவிட்டால் அவர்களே உங்களைப் பதிந்து, குடிவந்த மாதத்திலிருந்து கணக்குப் போட்டு, தாமதத்துக்குக் குறைந்தது 8 யூரோ சேர்த்துக் கேட்பார்கள். அப்படிச் சொன்னவர் யாரும் அந்தப் பணத்தைக் கட்ட வரமாட்டார்.

நாலு பேர் ஒரே வீட்டில் இருந்தால் ஒருவர் கட்டினால் போதும்; மற்றவர்கள் அவருடைய கணக்கு எண்ணை எழுதி அனுப்ப வேண்டும். மாணவர் விடுதியில் பொது நடைக்கூடத்தில் கதவு திறக்கும் அறை என்றால் அது தனி வீட்டுக் கணக்கு. 'பாஃபெக்' என்ற ஜெர்மன் அரசு உதவித்தொகை வாங்கும் மாணவருக்குத்தான் விலக்கு, அதுவும் விண்ணப்பித்தால். படிப்பு முடிந்து ஊர் திரும்பும்போது நகராட்சியில் பெயரை எடுத்தால் மட்டும் இது நிற்காது, பைட்ராக்ஸ் சர்வீஸுக்கும் தனியாக எழுத வேண்டும்.

ஊர் ரேடியோவில் இங்கே எஃப்எம் கேட்கும். ஆனால் அண்டை நாடான சுவிட்சர்லாந்தின் அரசு வானொலி 2024 முடிவோடு எஃப்எம்மை நிறுத்திவிட்டது, இங்கும் போக்கு டிஜிட்டல் பக்கம்தான். புதிதாக வாங்கினால் பெட்டியில் 'டிஏபி பிளஸ்' (இங்குள்ள டிஜிட்டல் ரேடியோ முறை) என்று இருக்கிறதா பாருங்கள். வெறும் டிஏபி மட்டும் உள்ள பழைய மாடலில் இங்கே டிஜிட்டல் ஸ்டேஷன் எதுவும் வராது. ஆன்டெனாவை நெட்டுக்குத்தாக, 35 முதல் 40 சென்டிமீட்டர் வரை இழுத்து, ஜன்னலோரம் வையுங்கள். சிக்னல் குறைந்தால் இரைச்சல் வராது. குமிழிடுவது போலக் கேட்டுப் பட்டென்று நின்றுவிடும். மலிவு எல்இடி பல்பும் போன் சார்ஜரும் பக்கத்தில் இருந்தால் இப்படி ஆகும். வீடு மாறினால் மறுபடி ஸ்டேஷன்களை ஸ்கேன் செய்யுங்கள்.

ஜெர்மன் பாட்டு கேட்பவன் தமிழை விட்டவன் என்று பேசுகிறவர்கள் இங்கே உண்டு. ஆனால் டிராஃபிக் செய்தியும் வானிலையும் தினமும் காதில் விழுந்தால் மொழி தானாகப் பழகும். அப்படிப் பழகியவர்களுக்கு அலுவலகத்தில் வாய் கூசாது.

தமிழ்ப் பாட்டுக்குக் கவலையே வேண்டாம். 1980களில் இங்கே வந்த இலங்கைத் தமிழர்கள் சிற்றலையில் பிபிசி தமிழோசைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இப்போது அகில இந்திய வானொலியின் செயலியிலேயே சென்னை ரெயின்போ எஃப்எம் வருகிறது. நொடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் இன்டர்நெட்டில் கேட்டால் மணிக்குச் சுமார் 29 எம்பி டேட்டா ஆகும். சென்னையில் இரவு ஒன்பது மணி நிகழ்ச்சி இங்கே குளிர்காலத்தில் மாலை நாலரைக்கு, கோடையில் ஐந்தரைக்கு.