ஜாங் வெய்லி: 42 வினாடிக்கு அப்புறம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2025 நவம்பரில் நியூயார்க்கில் வாலன்டினா ஷெவ்சென்கோவிடம் சீனாவின் எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை) வீராங்கனை ஜாங் வெய்லி ஒருதலையாகத் தோற்றதைப் பார்த்தேன். நீங்கள் அவரைப் பெரிதாகக் கொண்டாடுகிறீர்கள். எனக்கென்னவோ அவர் வெறும் பலசாலி என்றுதான் தோன்றுகிறது. 42 வினாடியில் ஒருவரை வீழ்த்திய புகழை வைத்தே ஓட்டுகிறார். எதிராளி தாக்குப்பிடித்துவிட்டால் வேறு சரக்கு இல்லை.

கே.

அன்புள்ள கே.,

அந்த 42 வினாடியை மட்டும் பார்த்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். 2019 ஆகஸ்டில் ஷென்சென் நகரில் ஜெசிகா அன்ட்ராட் வழக்கம்போல முட்டிக்கொண்டு முன்னால் வந்தார். வெய்லியின் வலது கைக்குத்து ஒன்று சரியாக விழுந்தது. பிறகு அன்ட்ராட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு முழங்கையும் முழங்காலுமாக இறக்கினார். அதோடு முடிந்தது, பெரிய எம்எம்ஏ அமைப்பான யுஎஃப்சியின் முதல் சீன சாம்பியன் ஆனார் வெய்லி.

அவருடைய அடித்தளம் சான்டா என்ற சீனச் சண்டைக்கலை. குத்து, உதை, தூக்கி எறிதல் எல்லாம் உண்டு. ஆனால் சான்டாவில் எதிராளி விழுந்ததும் நடுவர் எழுப்பி நிறுத்திவிடுவார், தரையில் சண்டை கிடையாது. ஹெபெய் மாகாணத்துப் பெண், முதுகுக் காயத்தால் சான்டாவை விட்டு, பெய்ஜிங்கில் ஒரு ஜிம்மில் வரவேற்பு வேலை பார்த்தபோதுதான் தரையில் பிடித்து மடக்கும் கலையான ஜியு-ஜிட்சு பக்கம் வந்தார். 2013இல் முதல் தொழில்முறைப் போட்டியிலேயே தோல்வி. அதன்பின் தொடர்ந்து 21 வெற்றிகள்.

அந்த ஓட்டத்தை நிறுத்தியவர் ரோஸ் நமஜூனஸ். 2021 ஏப்ரலில் தலையில் விழுந்த ஒரே உதை. எனக்கு முக்கியமாகப் படுவது அதே ஆண்டு நவம்பரில் நடந்த மறுபோட்டி. நெருக்கமான சண்டை, நடுவர்கள் தீர்ப்பே பிரிந்தது. ஆனால் கடைசிச் சுற்றில் ரோஸ் அவரைக் கீழே தள்ளி மேலே அமர்ந்துகொண்டார், வெய்லியால் எழ முடியவில்லை. ஏப்ரலில் இழந்த பட்டத்தை மீட்கும் வாய்ப்பு அங்கேதான் போனது.

இதற்குப் பிறகு என்ன செய்தார் என்று பாருங்கள். 2022இல் யோவானா யென்ட்ஷேச்சிக்கைச் சுழன்று புறங்கை முஷ்டியால் வீழ்த்தினார், அது எல்லோருக்கும் தெரிந்த காட்சி. அதே ஆண்டு நவம்பரில், மல்யுத்தமே பிரதான ஆயுதமான கார்லா எஸ்பார்சாவைத் தரையில் வைத்தே கழுத்தை இறுக்கிப் பட்டத்தை மீட்டார். 2024இல் யான் ஷியாவ்நானுக்கு முதல் சுற்று முடியும் நேரத்தில் கழுத்துப்பிடி போட்டபோது, மணி அடித்திராவிட்டால் அங்கேயே முடிந்திருக்கும்.

2025 பிப்ரவரி, சிட்னி. டாட்டியானா சுவாரஸ் உலக மல்யுத்தத்தில் வெண்கலம் வாங்கியவர், அதுவரை தோல்வியே அறியாதவர். முதலில் அவர்தான் வெய்லியைக் கீழே கொண்டுபோனார். போகப்போக தலைகீழானது: சுவாரஸ் கீழே, வெய்லி மேலே. ஒரு மல்யுத்த வீராங்கனையை அவருடைய சொந்த வித்தையிலேயே அடக்கியது வெறும் பலமா?

ஷெவ்சென்கோ விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி, அன்று அவர் எல்லா வகையிலும் மேலே இருந்தார். ஆனால் வெய்லி 52 கிலோ பிரிவின் பட்டத்தைத் தானாகவே விட்டுவிட்டு, கிட்டத்தட்ட 57 கிலோ பிரிவுக்குப் போய் அங்கே இருந்த மிகச் சிறந்தவரோடு மோதினார். அந்த ஒரு இரவை வைத்து அவரை எடைபோட எனக்கு மனம் வரவில்லை.

முடிந்தால் ரோஸ் மறுபோட்டியின் ஐந்தாம் சுற்றையும் சுவாரஸ் போட்டியின் கடைசி இரண்டு சுற்றுகளையும் அடுத்தடுத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு மறுபடியும் எழுதுங்கள்.