உங்கள் மகள் மரியாதை தெரியாதவள் இல்லை, அக்கா

அக்கா, போன வாரம் வேலந்தாவளத்திலிருந்து பஸ் ஏறி வந்து, உட்காரக்கூட இல்லாமல் ஒரே கேள்விதான் கேட்டீர்கள்: "என் பொண்ணை மரியாதை தெரியாதவன்னு சொல்லிட்டாங்களே, நான் அப்படியா வளர்த்தேன்?" அன்று கொழிஞ்சாம்பாறை ஆபீசில் அட்மிஷன் கூட்டம். நின்று பேச முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நடந்ததை அவளிடமும் போனில் கேட்டுக்கொண்டேன். பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. சீனியர் சேச்சி (மலையாளத்தில் அக்கா) ஒரு கட்டு விற்பனை பில்லைக் கொடுத்து, ஜிஎஸ்டி எண் சரியா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார். இவளுக்குப் பாதி புரியவில்லை. "சரி" என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டு பில்லில் எண் ஒத்துவரவில்லை. கேட்டால் தொந்தரவாக இருக்குமோ என்று சாயங்காலம் வரை கேட்கவே இல்லை. ஐந்து மணிக்கு சேச்சி வந்து நின்றதும் எழுந்தாள், தலையைக் குனிந்தாள், வாயைத் திறக்கவில்லை. அதற்குத்தான் சேச்சி திட்டியிருக்கிறார். அன்று தேதி 10.

மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் கம்பெனி, விற்பனை விவரத்தை அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் ஏற்றியாக வேண்டும். தவறினால், சரக்கு வாங்கியவருக்கு 14-ஆம் தேதி வரும் வரிவரவுப் பட்டியலில் (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள அவர் பார்ப்பது) அந்த பில் இருக்காது. அவர் போன் போட்டுக் கத்துவது உங்கள் மகளிடம் இல்லை, அந்தச் சேச்சியிடம். அவருக்கு வந்த கோபத்தை இப்போது யோசித்துப் பாருங்கள்.

நம் வீடுகளில் பெரியவர்கள் முன்னால் பேசாமல் நிற்பதுதான் மரியாதை. நானும் அப்படி வளர்ந்தவன்தான். ஆபீசில் அதே மௌனத்தை 'இவளுக்கு அக்கறை இல்லை' என்று படித்துக்கொள்கிறார்கள். காலை பதினொரு மணிக்கே போய், "சேச்சி, மற்றதெல்லாம் முடிந்தது, பன்னிரண்டு பில்லில் எண் சேரவில்லை, என்ன செய்யட்டும்?" என்று கேட்டிருந்தால் கதை வேறு. எத்தனை முடிந்தது, எது நிற்கிறது, தனக்கு என்ன வேண்டும் என்கிற மூன்றும் அதில் வந்துவிடுகிறது. ஆபீஸ் நாகரிகம் என்று புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் முக்கால்வாசி இதற்குள் அடங்கிவிடும். லேட்டாகப் போகிறாளா? பஸ்சுக்குள் இருக்கும்போதே இரண்டு வரி அனுப்பட்டும். போய்ச் சேர்ந்த பிறகு சொல்லும் காரணத்துக்கு யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

அடுத்தது மொழி. நம் பக்கத்துப் பிள்ளைகள் மலையாளம் சரளமாகத்தான் பேசுகிறார்கள், ஆனால் தமிழ் மரியாதையை அப்படியே அதில் ஏற்றிவிடுகிறார்கள். என் முதல் வேலையில் நானே மாட்டியிருக்கிறேன். நமக்கு 'நீங்கள்' என்றால் மரியாதை. அதே நினைப்பில் மேலதிகாரியிடம் "நிங்ஙள் பறஞ்ஞல்லோ" (நீங்கள் சொன்னீர்களே) என்றேன். மனிதர் முகம் சுருங்கிப்போனது. இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. கடைசியில் பியூன்தான் சாயாக்கடையில் விளக்கினார்: மூத்தவரை நேருக்கு நேர் 'நிங்ஙள்' என்றால் எதிர்த்துப் பேசுவது போல இருக்குமாம். "சார் பறஞ்ஞல்லோ" என்று சொல்லியிருக்க வேண்டுமாம். அந்த இடத்தில் 'சார்', 'சேச்சி', 'சேட்டன்' (அண்ணன்) என்று ஏதாவது ஒன்றைப் போட்டுப் பேசிவிட்டால் வம்பே இல்லை.

எல்லாரையும் சார் போடுவதும் சரியில்லை. நம் மாவட்டத்திலேயே மாத்தூர் பஞ்சாயத்து 2021-இல் தன் அலுவலகத்தில் சார், மேடம் என்று கூப்பிட வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. பெயர் சொல்லிக் கூப்பிடும் கம்பெனிகளும் இருக்கின்றன. அதனால் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் "இங்கே எப்படிக் கூப்பிடுவது வழக்கம்?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளட்டும். இன்னொன்று, மலையாளத்தில் 'அவசரம்' என்றால் வாய்ப்பு. அந்த அர்த்தத்தில் யாராவது சொன்னதைக் கேட்டு இவள் பதறி ஓடாமல் இருந்தால் சரி!

வாட்ஸப்பில் 'ஹாய்' என்று மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது. விஷயத்தையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். ஆபீஸ் குரூப்பில் காலை வணக்கப் படம் வேண்டவே வேண்டாம். லீவு வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். பொங்கலுக்குப் பாலக்காடு உட்பட 6 மாவட்டங்களில் கேரள அரசு உள்ளூர் விடுமுறை விடும். அதற்காகத் தனியார் கம்பெனியும் விடும் என்று நாமே முடிவு செய்துகொள்ள முடியாது. டப்பாவில் கருவாடு கொடுத்து அனுப்புவதைப் பற்றிக் கேட்டீர்கள். அனுப்புங்கள், ஆனால் மூடிய ஏசி ரூமில் வைத்துச் சூடுபண்ண வேண்டாம்.

இனி உங்கள் பங்கு. கோபித்துக்கொள்ளாதீர்கள். வேலை நேரத்தில் அவளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து தடவை போன் பண்ணுகிறீர்களாம், எடுக்காவிட்டால் ஆபீஸ் நம்பருக்கே போடுகிறீர்களாம். அந்த மேனேஜரிடம் நேரில் போய்ப் பேசட்டுமா என்று வேறு கேட்டீர்கள். தயவுசெய்து வேண்டாம். வேலைக்குச் சேர்ந்தவள் அவள். நீங்கள் போய் நின்றால், நாளைக்கு ஒரு பொறுப்பான வேலையை அவளை நம்பிக் கொடுக்க யோசிப்பார்கள்.

ஒன்றில் மட்டும் பொறுத்துப்போகச் சொல்லிக் கொடுக்காதீர்கள். யாராவது அசிங்கமாகப் பேசினாலோ, தொட்டாலோ, அது பழகிக்கொள்ள வேண்டிய விஷயம் இல்லை. வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் புகார் கேட்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதைவிடச் சின்ன இடம் என்றால் மாவட்ட அளவில் ஒரு குழு இருக்கிறது. சேச்சி திட்டியது அந்தக் கணக்கில் வராது, அதையும் அவளுக்குப் பிரித்துச் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை காலையில் அவள் சேச்சியிடம் போய், "அன்றைக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், தப்பு என்னுடையது. இனிமேல் மதியத்துக்குள் எது நிற்கிறதென்று சொல்லிவிடுகிறேன்" என்று சொன்னால் போதும். அழ வேண்டாம், காலில் விழ வேண்டாம். என்ன ஆயிற்று என்று சாயங்காலம் அவளையே எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்கள். நீங்கள் பண்ண வேண்டாம், அக்கா.