குய் விருந்தும் எட்டு வயது மகளும்

வணக்கம். பெரு நாட்டில், குஸ்கோ நகரத்து நண்பர் வீட்டில் விருந்துக்குக் குய் சமைக்கிறார்கள், உங்கள் மகளோ வீட்டில் இரண்டு கினிப் பன்றி (பேர்தான் பன்றி, எலி இனத்துக் குட்டிப் பிராணி) வளர்க்கிறாள், போவதா வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். போங்கள். ஆனால் அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குய் என்பது கினிப் பன்றியேதான். அதைத் துண்டு போட்டுக் குழம்பில் மறைக்க மாட்டார்கள். பெரும்பாலும் பல்லும் காதும் தெரிய முழுசாகச் சுட்டுத் தட்டில் வைப்பார்கள். தெரியாமல் போய் உட்கார்ந்தால் பிள்ளை வீறிட்டுவிடும்.

ஆண்டிஸ் மலைக்காரர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இறைச்சிக்கென்றே வளர்க்கும் பிராணி அது. கிராமத்து வீடுகளில் அடுப்படியிலேயே ஓடித் திரியும். குதிரைமசால் தழையும் காய்கறித் தோலும் தின்னும். குஸ்கோ பேராலயத்தில் மார்கோஸ் சபாட்டா வரைந்த கடைசி இராவுணவு ஓவியத்தில், இயேசுவின் முன்னால் தட்டில் மல்லாந்து கிடப்பதும் குய்தான் என்பார்கள். முதலில் அதைக் காட்டுங்கள், பேச்சை ஆரம்பிக்கச் சுலபம்.

நம்ம ஊரில் குலசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாவுக்குப் பேர் வைத்துக் கொஞ்சிய பிள்ளை, வெட்டு அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துக்கொள்ளுமே, அதே கதைதான்.

நண்பரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்: மகளுக்கு உருளைக்கிழங்கும் சோளமும் போதும். குய் வைப்பது விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை. பந்தியில் முகம் சுளித்தால்தான் வருத்தப்படுவார்கள். நீங்கள் ஒரு துண்டாவது எடுத்துக்கொள்ளுங்கள். முயல்கறி மாதிரிதான் இருக்கும், தோல் மொறுமொறு, எலும்புதான் ஜாஸ்தி.